குளிர் ஊரில் குடைமிளகாய் சிவந்தது

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எங்கள் வீட்டுப் பின்புறம் சூடேற்றும் வசதி இல்லாத சின்னக் கண்ணாடிக்குடில் ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு வருடமும் அதில் 'கலிபோர்னியா வொண்டர்' குடைமிளகாய்தான் வைத்தேன். செடி தளதளவென்று வளரும், பூவும் வரும். காலையில் போய்ப் பார்த்தால் பூக்கள் காம்போடு மஞ்சளாகி மண்ணில் கிடக்கும். தப்பிய நாலைந்து காய்களும் அக்டோபர் வரை பச்சையாகவே நின்று அழுகிப்போயின.

உரம் போதவில்லையோ என்று அலைந்தேன். கடைசியில் ஒரு வெப்பமானியைச் செடியருகே தொங்கவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஜூன் மாதத்திலும் இரவில் 9, 10 டிகிரி! 15-க்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காய்க்காமலே உதிர்ந்துவிடும். அதோடு, சதை தடித்த பெரிய காய் பழுக்க நிறைய நாள் வேண்டும். அத்தனை நாள் இங்கே கோடை கிடையாது.

மூன்றாம் வருடம் 'ஜிப்சி' என்ற வீரிய ஒட்டு ரகத்துக்கு மாறினேன். காய் கூம்பு போல நீளமாக, சதை மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் காய்க்கும். பிப்ரவரி கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, மே கடைசியில் குடிலுக்கு மாற்றினேன். அப்புறம், முதல் கிளை பிரியும் இடத்தில் வந்த மொட்டைக் கிள்ளிவிட்டேன். மனசு வலித்தது, ஆனால் செடி நன்றாகப் பரவியது. சாயங்காலம் வெயில் இறங்கும் முன்பே கதவைச் சாத்திச் சூட்டை உள்ளே பிடித்துவைத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காய் வெளிர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாகி, பிறகு சிவந்தது. பறித்து, குடிலுக்குள் நின்றபடியே கடித்துத் தின்றேன். அவ்வளவு இனிப்பு.