பழைய ஸ்பீக்கரில் இருக்கிறது நல்ல காந்தம்

வீட்டு வேலைக்குக் காந்தம் வேண்டுமென்றால் காசு கொடுத்துப் புதிதாக வாங்காதீர்கள். காயலான் கடையில் கிடக்கும் பழைய ஸ்பீக்கர் போதும். வேலூர் பக்கத்துக் காட்பாடியில் ஸ்பீக்கருக்குக் கோன் (முன்னால் அதிரும் காகிதக் கூம்பு), காயில் (அதோடு ஒட்டிய கம்பிச் சுருள்) மாற்றிக் கொடுப்பது என் தொழில். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு, மைக் செட்காரர்கள் காயில் கருகிய ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். தேறாததில் மேக்னட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன். காயில் கருகினாலும் காந்தம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

எடுக்கும் முறை இதுதான். பிளேடால் கோனை ஓரமாக அறுத்து, காயிலோடு சேர்த்து உருவி விடுங்கள். பின்னால் கறுப்பாக, வளையமாக இருப்பது ஃபெரைட் காந்தம். அதற்கு முன்னால் ஓர் இரும்புத் தட்டும் பின்னால் ஒன்றும் ஒட்டியிருக்கும், நடுவில் ஒரு கட்டை நிற்கும். நிறையப் பேர் இங்கேதான் உளியை வைத்துத் தட்டி, வளையத்தைத் தனியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்காதீர்கள். கோனைத் தாங்கியிருந்த தகரக் கூடையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விடுங்கள்.

காரணம் இருக்கிறது. வளையத்தின் ஒரு முகம் வடதுருவம், மறு முகம் தென்துருவம். தனி வளையத்தில் அதன் சக்தி சுற்றிலும் காற்றில் சிதறிவிடும். இரும்புத் தட்டுகளும் நடுக்கட்டையும் அதை இழுத்துக்கொண்டு வந்து, முன்பக்கம் தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் சேர்த்துவிடும். அதனால் முன்பக்கம் பிடித்தால் விடாது, பின்பக்கம் அவ்வளவாக இழுக்காது. உங்களிடம் இருப்பது தனி வளையம்தான் என்றால், அதன் ஒரு முகத்தில் கனமான இரும்பு வாஷர் ஒன்றைப் போடுங்கள். மறு முகத்தின் பிடி கூடுவது கையிலேயே தெரியும். இடைவெளிக்குள் இரும்புத் தூள் புகுந்துவிட்டால் ஊதியோ துணியால் துடைத்தோ போகாது. ஒட்டும் டேப்பை மடித்து உள்ளே விட்டு எடுங்கள்.

அடிப்படை விஷயம் பள்ளியில் படித்ததுதான்: ஒத்த துருவங்கள் தள்ளும், மாறான துருவங்கள் இழுக்கும். இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு துருவமும் இருக்கும். இரும்பு, நிக்கல், கோபால்ட், இவை கலந்த சில உலோகங்கள் ஒட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம், தங்கம், வெள்ளி ஒட்டாது. எது வடக்கு என்று தெரிய வேண்டுமா? காந்தத்தை நூலில் கட்டி, பக்கத்தில் இரும்பு இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஆடி நின்றதும் வடக்கைப் பார்க்கும் முகமே வடதுருவம்.

இனி உபயோகம். கீழே சிதறிய ஊசி, ஆணி, ஸ்க்ரூ எடுப்பதற்குக் காந்தத்தை வெறுமனே இறக்காதீர்கள். ஒரு பாலிதீன் கவருக்குள் போட்டு இறக்குங்கள். எல்லாம் கவர்மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கவரை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்துவிட்டால் அத்தனையும் கவருக்குள் விழுந்துவிடும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து செருப்பு மேல்பாகம் தைப்பவர்களுக்கு இது ரொம்ப உதவும். உடைந்த ஊசி முனை தரையில் கிடந்தால் குழந்தைகள் காலில்தான் ஏறும்.

ஸ்க்ரூ டிரைவருக்குக் காந்தம் ஏற்ற, அதன் கம்பியைக் காந்தத்தின் ஒரே துருவத்தில், பிடியிலிருந்து முனை நோக்கி, ஒரே திசையில் இருபது முப்பது தடவை தேயுங்கள். திரும்பும்போது தூக்கிக்கொண்டு வர வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் ஏறியது இறங்கிவிடும்.

பாத்திரக் கடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலூர் லாங் பஜாரில் எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் ஒட்டவில்லை என்றால் உசத்தி என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். 304 என்ற நல்ல ரகம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 என்ற மலிவு ரகமும் ஒட்டாது. ஆக, காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. 304 பாத்திரத்திலேயே அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாக ஒட்டும், அதற்காகப் போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் இண்டக்ஷன் அடுப்புக்கு வாங்குவதானால் காந்தத்தைப் போல நம்பகமான சோதனை வேறில்லை. பாத்திரத்தின் அடிப்பாகத்தில் நன்றாகப் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லையென்றால் அடுப்பு அதைக் கண்டுகொள்ளாது. தங்கத்துக்கும் இதே கதைதான். நகை ஒட்டினால் உள்ளே இரும்பு போல ஏதோ இருக்கிறது, ஒட்டாததால் மட்டும் தங்கம் ஆகிவிடாது.

பிரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் இருப்பதும் காந்தப் பட்டைதான். பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடி இல்லை. பெரும்பாலும் காந்தம் போயிருக்காது, ரப்பரில் அழுக்கு ஏறியிருக்கும் அல்லது வளைந்திருக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, வளைந்த இடத்தைச் சூடு காட்டி நிமிர்த்தினால் சரியாகிவிடும். ஆள் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட பாலாற்று மணல் போதும். கவரில் சுற்றிய காந்தத்தை உலர்ந்த மணலில் ஓட்டினால் கருமணல் முள் முள்ளாக எழுந்து ஒட்டும். அதில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது இருக்கிறது. 1989-ல் வட ஆற்காடு பிரிவதற்கு முன் எங்கள் மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்திமலை, வேடியப்பன் மலையில் இருப்பதும் இதே தாதுதான். அதை வெட்டி எடுக்க வந்த திட்டத்தை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள்.

காந்தத்துக்குப் பகை அடியும் சூடும். ஃபெரைட் துருப்பிடிக்காது, ஆனால் கீழே போட்டால் பீங்கானைப் போல உடையும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து வரும் பளபளப்பான நியோடிமியம் 1980-களில் வந்த ரகம், அளவில் சின்னது, பிடியில் ராட்சசன். அதன் சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலவீனமாகத் தொடங்கும். நிக்கல் பூச்சு உரிந்தால் துருப்பிடித்துப் பொடியாகும். அடுப்பருகில் வைக்காதீர்கள்.

நியோடிமியத்தை, அதிலும் உருண்டைகளை, குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் நெஞ்சருகே எந்தக் காந்தத்தையும் கொண்டுவரக் கூடாது, அரை அடியாவது தள்ளியே இருக்கட்டும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் நிறைய நடமாடும் ஊர் இது. அதனால் பெரிய மேக்னட்டுகளை நான் கடை மேஜைமேல் வைப்பதில்லை, உள் அலமாரியில் மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் என்று குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றியும், மூட்டு வலிக்குக் காந்த வளையல் பற்றியும் கடைக்கு வருபவர்கள் கேட்பார்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காந்தம் வெளியே எடுக்காது. வளையல் வலியைக் குறைக்கும் என்பதற்கும் சரியான ஆதாரம் இல்லை. என்னிடம் கேட்டால், இரண்டையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.