தோட்டாவைக் கையாள்வது எப்படி? படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதில் காட்டும் அக்கறையைப் புதியவர்கள் பலர் தோட்டாவிடம் காட்டுவதில்லை. பெட்டியைத் திறந்ததும் மேகசினில் (துப்பாக்கியில் மாட்டும் தோட்டா உறை) திணிக்கத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கீழே உள்ளவை பொதுவான விதிகள்தான். உங்கள் ஆயுதத்தின் கையேடோ ரேஞ்ச் (சுடும் பயிற்சிக் களம்) அதிகாரியோ வேறு சொன்னால், அதுவே இறுதி.

1. எண்ணி வாங்குங்கள்

கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணுங்கள். பெட்டியில் உள்ள லாட் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) பாருங்கள். ஒரு ரவுண்டில் (அதாவது ஒரு முழுத் தோட்டாவில்) கோளாறு என்றால் அந்த லாட் முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டி வரலாம். வெவ்வேறு லாட்டுகளைக் கொட்டிக் கலந்துவிட்டால் எது எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

2. ஒவ்வொன்றாகப் பாருங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதில் அவசரம் கூடாது. ரவுண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். பித்தளைக் கூட்டில் நசுங்கல், விரிசல், பச்சைக் களிம்பு இருக்கிறதா? முனையில் இருக்கும் குண்டு ஆடுகிறதா, உள்ளே அமுங்கியிருக்கிறதா? அமுங்கிய ரவுண்டைச் சுட்டால் உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். அப்புறம் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள்: நடுவில் உள்ள பிரைமர் (அடி விழுந்ததும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. சந்தேகமானதைத் தனியே வைத்து, பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

மண், ஈரம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போடாதீர்கள், கூடு மெலிந்துவிடும். எண்ணெயும் வேண்டாம். அது பிரைமருக்குள் கசிந்தால் ரவுண்டு வெடிக்காமல் போகலாம்.

3. கலக்காதீர்கள்

நிஜ ரவுண்டு, பிளாங்க் (மருந்து உண்டு, குண்டு இல்லை), பயிற்சிக்கான டம்மி (வெடிக்கவே வெடிக்காதது) மூன்றும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. பிளாங்க்தானே என்று அலட்சியமும் வேண்டாம். குண்டு இல்லாவிட்டாலும் குழல்வாயிலிருந்து சீறி வரும் வாயு, பக்கத்தில் நிற்பவரைக் காயப்படுத்தும்.

4. வெயிலில் போடாதீர்கள்

பெட்டியை நிழலில், தரையில் படாமல் கட்டைமேல் வையுங்கள். சூடேறிய ரவுண்டில் அழுத்தம் கூடும்.

5. சுடும்போது வெடிக்கவில்லையா?

விசையை அழுத்துகிறீர்கள், 'டிக்' என்ற சத்தம் மட்டும். உடனே போல்ட்டை (ரவுண்டைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் பகுதி) இழுக்கக் கை பரபரக்கும். ரேஞ்சில் அதைச் செய்யாதீர்கள். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம். குழலை இலக்கை நோக்கியே வைத்துக் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். 30 விநாடி என்பது பரவலான கணக்கு. தொடர்ந்து சுட்டுக் குழல் கொதிக்கிறது என்றால் கதை வேறு: சேம்பரில் (குழலின் பின்முனையில் ரவுண்டு அமரும் அறை) நிற்கும் ரவுண்டு சூட்டிலேயே தானாக வெடிக்கக்கூடும். அதற்கென உள்ள முறையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: வழக்கத்தைவிடச் சத்தம் மெலிதாக, 'பொத்' என்று வந்தால் அடுத்த ரவுண்டைச் சுடவே சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்தது அதில் மோதினால் குழல் பிளக்கும்.

6. தரையில் கிடப்பதைத் தொடாதீர்கள்

வெடிக்காத கிரனேட், மோர்ட்டார் குண்டு எதுவானாலும் காலால்கூடத் தட்டாதீர்கள். வந்த வழியே விலகி, பாதுகாப்பான தூரத்தில் இடத்தை அடையாளமிட்டுத் தகவல் சொல்லுங்கள். செயலிழக்கச் செய்ய அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

7. திருப்பிக் கொடுக்கும்போது

சேம்பர், மேகசின், பவுச், சட்டைப்பை எல்லாவற்றையும் பாருங்கள். மிச்ச ரவுண்டையும் காலிக் கூட்டையும் தனித்தனியாக எண்ணி ஒப்படையுங்கள். அறைக்குப் போன பிறகு பையில் ஒன்று கிடைத்தால் ஒளித்து வைக்காமல், குப்பையிலும் போடாமல், அன்றே பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். திட்டு விழும், பரவாயில்லை.