கோட் ஆவணங்களில் கமென்ட் வண்ணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் எழுதப்படும் ‘கோட்’, அதாவது கணினி நிரலைத் திறந்தால் பெரும்பாலும் அதில் மூன்று மொழி இருக்கும். மாறிகளின் பெயர் ஆங்கிலம். கமென்ட் (மனிதர் படிக்க நிரலுக்குள் எழுதும் குறிப்பு) சில இடத்தில் தமிழ், சில இடத்தில் மலையாளம். எழுதியவர் தினமும் கோவைக்குப் பஸ் ஏறுகிறவராக இருப்பார். அதைத் திருத்தியவர் பாலக்காட்டிலோ கஞ்சிக்கோட்டிலோ இருப்பார். இப்படிப்பட்ட கோடிலிருந்து டாக்ஸிஜன், ஸ்பிங்க்ஸ், ஜாவாடாக் மாதிரியான கருவிகளால் ஆவணம் எடுக்கும்போது கோடின் பகுதிகளை நிறம் பிரித்துக் காட்டும் வண்ணமிடுதலில் முதலில் அடிபடுவது கமென்ட்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (7,250 மில்லியன் கன அடி) தண்ணீர் சேர வேண்டும். சித்தூர்ப் புழையை நம்பி நெல் போடுகிற எல்லா வீட்டிலும் தெரிந்த கணக்கு இது. வந்து சேரும் தண்ணீரைக் கூட்டிப் பார்க்க ஒரு மாணவர் சின்ன நிரல் எழுதுகிறார். அதில் ஒரு வரியில் 7250 என்று ஒரு எண். மேலே ஒரு கமென்ட்: “// மில்லியன் கன அடி, ஆண்டு என்றால் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை”. அந்தக் கமென்ட் இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டிவிடுவார், மொத்தக் கணக்கும் தப்பாகும். கோடில் மீதி எல்லாம் இயந்திரத்துக்கு. அந்த ஒரு வரி மட்டும் மனிதருக்கு. ஆவணத்தில் அந்த வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும், முழுசாகத் தெரிய வேண்டும், கமென்டாகவே தெரிய வேண்டும். கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றைக் கெடுப்பவை.

எடிட்டரின் சாம்பல் நிறத்தை ஆவணத்துக்குக் கொண்டுவருவது

எடிட்டரில் கமென்டை மங்கலாக வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. கோடை எழுதுகிறவருக்கு அது முன்பே தெரியும். திருத்தும்போது கமென்ட் ஒதுங்கி நின்றால் போதும். ஆவணம் படிக்க வருகிறவருக்கு எதுவுமே தெரியாது. அவர் முதலில் தேடுவதே கமென்டைத்தான். ஆனால் பிடித்த எடிட்டர் வண்ணத் தொகுப்பை (தீம்) அப்படியே ஆவணத்துக்கும் போட்டுவிடுகிறோம்.

வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் நிறத்தின் ஒளி வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 2.8க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல்தன்மை விதி கேட்பது குறைந்தது 4.5க்கு 1. #767676 வரை இறங்கினால்தான் அந்த அளவைத் தொட முடியும். டாக்ஸிஜன் தானாகத் தரும் அரக்குச் சிவப்பு #800000 இந்த அளவை எளிதாகத் தாண்டுகிறது. அது அழகாக இல்லை என்று மாற்றப் போய்த்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கரும்பச்சை, அடர் நீலம் என்று போகலாம்.

மாற்றும் விதத்திலும் கவனம் வேண்டும். டாக்ஸிஜனில் ‘எச்டிஎம்எல் ஸ்டைல்ஷீட்’ என்ற அமைப்பு இயல்பான ஸ்டைலை முழுவதுமாகத் தூக்கிவிட்டு உங்களுடையதை வைக்கும்; அடுத்த பதிப்பில் புதிதாக வரும் எதுவும் அதில் இருக்காது. ‘எச்டிஎம்எல் எக்ஸ்ட்ரா ஸ்டைல்ஷீட்’ என்பதில் கமென்ட் வகுப்புக்கு (ஸ்டைலில் கமென்டைக் குறிக்கும் பெயர்) மட்டும் இரண்டு வரி எழுதினால் வேலை முடிந்தது. 1.9.5 பதிப்பிலிருந்து இருட்டுப் பின்னணியும் வந்துவிட்டதால், வெள்ளையில் நன்றாகத் தெரிந்த கரும்பச்சை அங்கே காணாமல் போகும். இரண்டு பின்னணிக்கும் தனித்தனி நிறம் கொடுங்கள்.

தமிழைச் சாய்ப்பது

பைதான் உலகில் புழங்கும், ஸ்பிங்க்ஸும் பயன்படுத்தும் பிக்மென்ட்ஸ் என்ற வண்ணமிடும் கருவியின் பல ஸ்டைல்கள் கமென்டைச் சாய்வெழுத்தில் காட்டும். ஆங்கிலத்துக்கு அதற்கென்று வரைந்த எழுத்துருக்கள் உண்டு. தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு வடிவமே கிடையாது. மலையாளத்துக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். ஆகவே உலாவி நேர் எழுத்தை எடுத்து வலுக்கட்டாயமாகச் சரித்துக் காட்டுகிறது. ஒற்றெழுத்தின் புள்ளி நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரும். ‘ண’வும் ‘ன’வும் சட்டென்று பிரித்தறிய முடியாமல் போகும். கமென்ட் வகுப்பில் சாய்வை ‘நார்மல்’ என்று மாற்றுவது ஒரே வரி. தமிழ் ஆவணம் எடுக்கிற எவரும் முதல் நாளே செய்ய வேண்டியது இது.

கூடவே, கோடுக்கான சம அகல ஃபான்ட்களில் தமிழ் எழுத்து பெரும்பாலும் இருப்பதில்லை. உலாவி கிடைத்த வேறு ஃபான்டை எடுத்துக்கொள்ளும். சம அகல ஃபான்டின் பெயருக்கு அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள். வரி உயரத்தையும் 1.5 அளவுக்கு ஏற்றுங்கள். இல்லையென்றால் ‘கூ’, ‘ழு’ எல்லாம் கீழ் வரியில் இடிக்கும்.

எந்த மொழி என்று சொல்லாமல் விடுவது

இதுதான் பெரிய தவறு, அதிகம் நடப்பதும் இதுதான். வண்ணமிடும் கருவி கோடைப் புரிந்துகொள்வதில்லை. எழுத்துக் கோவைகளை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது கமென்ட், இது சரம் (மேற்கோளுக்குள் வரும் எழுத்து), இது எண் என்று முத்திரை குத்துகிறது. எந்த மொழியின் விதி என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பிங்க்ஸில் எதுவும் சொல்லாவிட்டால் பைதான் என்றே எடுத்துக்கொள்ளும். சி மொழிக் கோடை அப்படிப் போட்டுப் பாருங்கள். ‘#இன்க்லூட்’ என்று தொடங்கும் வரி முழுதும் கமென்ட் நிறத்தில் வரும், ஏனென்றால் பைதானில் # என்றால் கமென்ட். உண்மையான கமென்டைத் தொடங்கும் // என்பது வகுத்தல் குறியாகிவிடும். ஆக, கோட் கமென்டாகவும் கமென்ட் கோடாகவும் தலைகீழாக நிற்கும். சில வேளை பைதான் விதிக்குள் அடங்காத குறி ஏதாவது வந்தால் அந்தத் துண்டுக்கு வண்ணமே வராமல் போகும்; இயல்பு அமைப்பில் எச்சரிக்கையும் வராது. பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் ஒழியத் தெரியாது.

டாக்ஸிஜனில் நிலைமை கொஞ்சம் தேவலை. கோட் துண்டு எந்தக் கோப்பில் இருக்கிறதோ அந்தக் கோப்பின் மொழியை எடுத்துக்கொள்ளும். ஆனால் சி++ கோப்பின் கமென்டுக்குள் ஒரு பைதான் உதாரணம் வைத்தால் ‘\கோட்’ கட்டளையை ஒட்டி அடைப்புக்குறிக்குள் மொழியின் கோப்பு நீட்டிப்பை (.py போல) கொடுத்தாக வேண்டும்.

ஜேசன் என்ற தரவு வடிவத்தில் உள்ள உதாரணத்தைச் சுருக்க நடுவில் மூன்று புள்ளி வைக்கிற பழக்கமும் இங்கேதான் சிக்கும். ஜேசன் விதிப்படி அது பிழை. அப்படிச் சுருக்க வேண்டியிருந்தால் மொழியை வெறும் ‘டெக்ஸ்ட்’ என்று சொல்லிவிடுவது நேர்மையானது.

கமென்டின் நடுவில் வெட்டுவது

உதாரணத்தைத் தனிக் கோப்பில் வைத்து, கம்பைல் ஆகிறதா (இயந்திர மொழிக்குப் பிழையின்றி மாறுகிறதா) என்று பார்த்து, ஆவணத்துக்குள் இழுத்துக்கொள்வது மிக நல்ல வழக்கம். ஸ்பிங்க்ஸில் ‘லிட்ரல்இன்க்லூட்’, டாக்ஸிஜனில் ‘ஸ்னிப்பெட்’ இதற்காகவே இருக்கின்றன. ஆனால் ஸ்பிங்க்ஸில் “12 முதல் 30 வரை” என்று வரி எண் கொடுத்து வெட்டினால் ஆபத்து. மேலே யாராவது இரண்டு வரி சேர்த்தால் வெட்டு நகர்ந்து, ஒரு நீண்ட கமென்டின் நடுவில் விழலாம். வண்ணமிடும் கருவிக்குக் கிடைப்பது வெட்டிய துண்டு மட்டுமே. தொடக்கத்து /* அதன் கண்ணில் படாததால் தமிழ் வாக்கியங்களைக் கோடாக நினைத்து வண்ணம் பூசும். கடைசியில் */ மட்டும் அநாதையாக நிற்கும். வரி எண்ணை விட்டுவிட்டு, கோப்பிலேயே தொடக்கம், முடிவு என்று அடையாள வரிகள் வைத்து வெட்டுங்கள். இந்த வழியிலும் மொழியைச் சொல்ல மறக்காதீர்கள். கோப்பின் நீட்டிப்பைப் பார்த்து ஸ்பிங்க்ஸ் தானாக ஊகிப்பதில்லை.

கமென்டுக்குள் கமென்ட்

சி, சி++, ஜாவா எதிலும் /* */ கமென்டுக்குள் இன்னொரு /* */ வைக்க முடியாது. முதல் */ வந்ததுமே வெளிக் கமென்ட் முடிந்துவிடும். ஆவணக் கமென்டில் உதாரணம் எழுதும்போது இதை மறந்தால் வண்ணம் மட்டுமல்ல, கம்பைலே நிற்கும். டாக்ஸிஜனில் /// பாணிக்கு மாறினால் கம்பைலருக்குச் சிக்கல் இல்லை. ஜாவா 18இல், 2022இல், வந்த ‘@ஸ்னிப்பெட்’ குறிக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு: கமென்டுக்குள்ளேயே எழுதும் துண்டில் */ கூடாது. வெளிக் கோப்பிலிருந்து எடுக்கும் வகைக்கு இந்தத் தடை இல்லை.

எல்லாமே கமென்ட் என்று நினைப்பது

பைதானின் டாக்ஸ்ட்ரிங் (ஒரு நிரல் பகுதியின் தொடக்கத்தில் மேற்கோளுக்குள் எழுதும் விளக்கம்) பார்க்கக் கமென்ட் மாதிரி இருந்தாலும் அது சரம். பிக்மென்ட்ஸ் அதற்குத் தனி முத்திரை வைத்திருக்கிறது. கமென்ட் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு “விளக்கம் பழைய நிறத்திலேயே இருக்கிறதே” என்று குழம்ப வேண்டாம். ஆவணச் சரத்தின் வகுப்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

டாக்ஸிஜனில் வேறொரு குழப்பம். மூலக் கோடைக் காட்டும் பக்கத்தில் /** */ கமென்ட்கள் காணாமல் போயிருக்கும். பழுதில்லை, ‘ஸ்ட்ரிப் கோட் கமென்ட்ஸ்’ இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதுதான் காரணம். சாதாரண // கமென்ட் நிற்கும், ஆவணக் கமென்ட் நீங்கும். மூலத்தோடு சேர்த்துப் படிக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் அதை அணைத்துவிடுங்கள்.

வரிக் கடைசியில் கமென்ட் வைப்பது

எடிட்டரின் அகலமான திரையில் வரியின் வால்பக்கத்தில் கமென்ட் எழுதி நேராக அடுக்குவது வசதி. தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லாததால் அந்த அடுக்கு ஆவணத்தில் கலைந்துவிடும். அதைவிட மோசம், கைபேசியில் கோட் பெட்டி பக்கவாட்டில் நகரும் வகையில் இருக்கும். வால்பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். மணக்கடவுக் கணக்கில் “ஜூலை 1 முதல்” என்பது அங்கே இருந்தால் பஸ்ஸில் கைபேசியில் படிக்கும் மாணவர் கண்ணில் படவே படாது. முக்கியமான கமென்டை அதற்குரிய வரிக்கு மேலே, தனி வரியில் வையுங்கள்.

பிடிஎஃப், பழைய எழுத்துரு

ஸ்பிங்க்ஸும் டாக்ஸிஜனும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாகப் பிடிஎஃப் எடுக்கும்போது வழக்கமாக ஓடும் பிடிஎஃப்லேடெக் தமிழ்க் கமென்டில் முட்டி நிற்கும். ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் என்ஜினுக்கு மாறி, தமிழ் ஃபான்டைக் குறிப்பிட வேண்டும். டிஸ்கி (யூனிகோட் பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியீட்டு முறை) காலத்துக் கோப்புகள் இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் கொடுத்தால் கமென்ட் நிறம் சரியாக வரும், எழுத்து மட்டும் குப்பையாக இருக்கும். லினக்ஸில் உள்ள ‘ஐகான்வ்’ கட்டளைக்கு டிஸ்கி தெரியும். மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்களின் தனி வடிவங்கள்) 2008இல், யூனிகோட் 5.1இல், தனிக் குறியீடு வந்தது. பழைய முறையில் அடித்த கமென்டும் புதியதும் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும், ஆவணத்தின் தேடல் பெட்டியில் ஒன்றை அடித்தால் மற்றது வராமல் போகலாம்.

சோதிக்காமல் வெளியிடுவது

ஆவணத்தோடு ஒரு சோதனைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மேற்கோளுக்குள் https:// உள்ள ஒரு வரி, சரத்துக்குள் # உள்ள ஒரு வரி, தமிழில் ஒரு நீண்ட கமென்ட், மலையாளத்தில் ஒன்று, /* */ பாணியில் பல வரிக்கு ஓடும் ஒன்று, ஒரு டாக்ஸ்ட்ரிங் இவ்வளவு இருந்தால் போதும். மேற்கோளுக்குள் இருக்கும் // கமென்ட் நிறத்தில் வந்தால் தப்பான மொழி விதி ஓடுகிறது என்று பொருள். வண்ணத் தொகுப்பையோ கருவியின் பதிப்பையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தை வெளிச்சத்திலும் இருட்டிலும் கைபேசியிலும் திறந்து பாருங்கள். ஒரு தடவை கறுப்பு வெள்ளையில் அச்சடித்தும் பாருங்கள்: நிறம் போன பிறகும் எது கமென்ட், எது கோட் என்று தமிழ் தெரியாத உங்கள் பாலக்காட்டு நண்பர் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று அவரிடமே கேளுங்கள்.