கோதுமை மா என்றால் எந்த மா? காணொளி பார்த்துச் சமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குசினிக்கு வேலை பழக வரும் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் கைப்பேசியில் சமையல் பார்த்து வளர்ந்தவர்கள். பார்ப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளி. ஆர்வமும் கைவேகமும் இருக்கிறது. ஆனால் சென்னைக்காரர் சொன்ன சாமானை இலங்கை மலைநாட்டில் இருக்கும் நம் ஹட்டன் கடையில் அதே பெயர் சொல்லிக் கேட்டால், சில நேரம் வேறு சாமான்தான் கைக்கு வரும். நான் பழகிய காலத்தில் இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். உப்புக் கூடியது, வெங்காயம் கருகியது எல்லாம் இங்கே வராது. அவை சமைக்கச் சமைக்கத் தானாகச் சரியாகிவிடும். பெயர் மாறாட்டத்தால் வரும் தவறை யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் அது வருடக்கணக்கில் தொடரும்.

கோதுமை மா

எனக்கு இன்றும் பொறுக்க முடியாத தவறு இதுதான்.

தமிழ்நாட்டில் கோதுமை மாவு என்றால் தவிட்டோடு முழுதாக அரைத்த மா. சப்பாத்திக்கு எடுக்கும் அந்த மாவை நம் கடைகளில் ஆட்டா மா என்று விற்கிறார்கள். நீங்கள் இங்கே "கோதுமை மா ஒரு கிலோ" என்று கேட்டால் தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மாவைத்தான் நிறுத்துத் தருவார்கள். அங்கே அதற்குப் பெயர் மைதா. ஒரு கோதுமை மணியில் ஏறக்குறைய 83 வீதம் வெள்ளையான உள்பகுதி, 14 வீதம் தவிடு, மிச்சம் முளை. நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டில் இருக்கிறது. வெள்ளை மாவில் அது போய்விடுகிறது.

ரொட்டி கொஞ்சம் வேறாக வரும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அவ்வளவோடு முடிந்தால் நான் இத்தனை எழுத மாட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், சீனி வருத்தக்காரர். இரவில் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். மருமகள் அக்கறையான பிள்ளை. "ராத்திரிக்குச் சோற்றை விட்டுவிட்டுக் கோதுமை சாப்பிடுங்கள்" என்று யாரோ ஒரு இந்திய வைத்தியர் சொன்ன காணொளியைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து இரவுக்கு ரொட்டிதான். தேங்காய்ப்பூப் போட்டு, கனமாகத் தட்டி, ஆளுக்கு மூன்று. மாதங்கள் போயும் சீனி இறங்கவில்லை. பெரியம்மா ஒளித்து வைத்து இனிப்புச் சாப்பிடுகிறார் என்று வீட்டில் சந்தேகம், அதனால் சண்டை. நான் போயிருந்த அன்று அடுப்புக்குப் பக்கத்தில் மாப்பை திறந்து கிடந்தது. உள்ளே சுத்தமான வெள்ளை மா. "சோறு திங்கிறதையே விட்டுட்டேன் புள்ள, இன்னும் என்னத்த விடச் சொல்றாங்க?" என்று கேட்டார். மருமகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதைத்தான் செய்தார். விஷயம் தெரிந்த சமையல்காரர்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோவதுதான் எரிச்சல் தருகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. கோதுமை நம் நாட்டில் விளைகிற பயிர் இல்லை, கப்பலில் வருவது. தோட்டங்களில் மாவைக் கடனாகக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்த காலம் உண்டு. அப்போது கிடைத்ததும் வெள்ளை மாதான். தாத்தா, பாட்டி காலத்திலிருந்து அதில்தான் ரொட்டி சுட்டோம். அதனால் கோதுமை என்று காதில் விழுந்ததும் கை வெள்ளை மாப்பைக்குப் போகிறது.

கண்டுபிடிப்பது எளிது. கடும் நிறத் தட்டில் கொஞ்சம் மாவைப் பரப்புங்கள். ஆட்டா இளம் மண்ணிறமாக, தவிட்டுப் புள்ளிகளோடு தெரியும். மெல்லிய கண் உள்ள அரிதட்டில் அரித்தால் தவிடு மேலே நிற்கும். வெள்ளை மா மிச்சமில்லாமல் கீழே இறங்கிவிடும். பையில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள், முழுக்கோதுமை என்று இருக்கவேண்டும்.

பிசையும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆட்டா தண்ணீரை நிறைய இழுக்கும். காணொளியில் சொன்ன அளவுத் தண்ணீரை வெள்ளை மாவில் விட்டால் விரலெல்லாம் ஒட்டிக் களியாகிவிடும். அதைச் சரிக்கட்ட மேலும் மேலும் மாவைக் கொட்டுவோம், ரொட்டி வறண்டுபோகும். ஆட்டாவைப் பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்துவிட்டுத் தட்டுங்கள், மிருதுவாக வரும்.

இன்னொன்று. ஆட்டாவுக்கு மாறிவிட்டோம் என்று எண்ணிக்கையில்லாமல் சாப்பிட முடியாது. அதிலும் மாப்பொருள் இருக்கிறது. உங்களுக்கு எத்தனை ரொட்டி என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். குரக்கனுக்கும் இதே பேச்சுத்தான். காணொளியில் கேழ்வரகு, ராகி என்று வருவதும் நம் குரக்கன்தான், அதைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டாம்.

அவிக்காத மாவில் இடியப்பம்

இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கோதுமை மா என்று இங்கே யாராவது சொன்னால் அது அவித்த மா. எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பில் "அவித்த" என்பதை விட்டுவிடுவார்கள். பச்சை மாவில் தண்ணீர் பட்டால் இழுவை வந்துவிடும், உரலில் பிழிய வராது. துணியில் கட்டி ஆவியில் அவித்தால் இழுவை தருகிற புரதம் சூட்டில் செயலிழந்துவிடும். அவித்ததும் சூட்டோடு சூடாக அரித்துவிடுங்கள். ஆறவிட்டால் கட்டிகளை உடைக்கவே அரை நாள் போகும்.

சோம்பு

பெருஞ்சீரகம்தான். நற்சீரகம் வேறு.

பட்டை

காணொளியில் பட்டை என்று சொல்லும் இடத்தில் நாம் கறுவா போடுகிறோம். தவறில்லை, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இந்தியாவில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் கசியா என்ற இன்னொரு மரத்தின் தோல். தடித்தது, ஒற்றைச் சுருள், காரம் தூக்கலாக இருக்கும். நம் கறுவா காகிதம் போல மெல்லிய தோல்கள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டது, நசுக்கினால் கையிலேயே நொறுங்கும், மணமும் மென்மை. அதனால் இந்தியக் குறிப்புக்குக் கறுவாவைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

சீனிக்கு நல்லது என்று தினமும் தூளைக் கரைத்துக் குடிக்கிறவர்கள் எது என்று கட்டாயம் பார்த்து வாங்குங்கள். கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்பட்டு அளவு கூடினால் ஈரலைப் பாதிக்கக் கூடியது. நம் கறுவாவில் அது மிகச் சொற்பம்.

கறித்தூள்

"2 மேசைக்கரண்டி கறித்தூள்" என்று எழுதியிருந்தால் எந்த ஊர்க் குறிப்பு என்று பாருங்கள். யாழ்ப்பாணத் தூளில் செத்தல் மிளகாய் நிறைய இருக்கிறது. சிங்களச் சமையலின் துனபஹ என்ற தூள் மல்லி, சீரகம், பெருஞ்சீரகத்தை வைத்துச் செய்வது, வழக்கமாகக் கொச்சிக்காய் சேராது. இதற்கு எழுதிய அளவில் யாழ்ப்பாணத் தூளைப் போட்டு, மேலே கொச்சிக்காய்த் தூளையும் போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது. துனபஹவிலும் பச்சைத்தூள், வறுத்த தூள் என்று இரண்டு. கறுப்பாக வறுத்தது இறைச்சிக்கு, பச்சைத்தூள் மரக்கறிக்கு.

மாசி

மீன். சைவக்காரருக்கு வைக்கும் சம்பலில் ஒரு துளிகூடப் போடாதீர்கள்.

தேங்காய்ப்பால்

"2 கப்" என்று மட்டும் இருந்தால், வேகவிடுவது இரண்டாம் பாலில். முதற்பால் கடைசியில்தான். ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்து, ஒரு கொதி தலைகாட்டியதும் இறக்குங்கள்.

விசில் கணக்கு

நம் வீட்டில் பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு. சாம்பார்க் காணொளியில் வருவது துவரம் பருப்பு. "4 விசில்" என்று கேட்டு மைசூர்ப் பருப்பைக் குக்கரில் போட்டால் கூழ்தான் மிஞ்சும். அதற்குக் குக்கரே தேவையில்லை, திறந்த சட்டியில் 20 நிமிடம் தாராளம்.

கடலை, துவரம் பருப்பு என்று வந்தால் கதை தலைகீழ். அங்கே சொன்ன நேரம் இங்கே போதாது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் மேலே போக ஒரு பாகை குறையும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவில். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். புதிதாக வருகிற பிள்ளைகள் கடலை பழசு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவது இதனால்தான்.

குக்கரிலும் நேரத்தைக் கூட்ட வேண்டும். 2000 அடிக்கு மேலே ஒவ்வொரு 1000 அடிக்கும் 5 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா 6100 அடிக்கு மேல், அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்: 30 நிமிடம் என்று சொன்னால் 36 நிமிடம். விசிலை எண்ணாதீர்கள், அது குக்கருக்குக் குக்கர் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். கடலையை முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். நம் குளிருக்கு ஊறுவதும் மெதுவாகத்தான் நடக்கும், 8 மணி நேரம் என்று எழுதியிருந்தால் 12 மணி நேரம் விடுங்கள். ஒரு கடலையை நகத்தால் கீறிப் பாருங்கள், நடுவில் வெள்ளையாகக் காய்ந்த பொட்டு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.