முந்நூறு யார்டு ஷட்டிலில் தேறுவது எப்படி

ஜூலை கடைசியில், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் சீசனுக்கு முந்தைய பயிற்சிக் கேம்ப்கள் திறக்கும்போது, "கண்டிஷனிங் டெஸ்டில் (உடல் தாங்குதிறன் சோதனையில்) தேறவில்லை, பயிற்சிக்கு அனுமதி இல்லை" என்று யாரோ ஒருவரைப் பற்றி ஒரு வரிச் செய்தி வரும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனால் ஒரு ஓட்டம் ஓட முடியவில்லையா என்று கிண்டலடிப்பவர்கள், இரண்டு கோனும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், அந்த டெஸ்டுகளில் ஒன்றான 300 யார்டு ஷட்டிலை, அதாவது இரண்டு கோட்டுக்கு நடுவே திரும்பத் திரும்பப் போய் வரும் ஓட்டத்தை, தாங்களே ஓடிப் பார்க்கலாம். எப்படி என்று சொல்கிறேன். ஓட ஆசை இல்லாதவர்கள், குறிப்பாக ஹைஸ்கூல் டீமில் பையன் இருக்கும் பெற்றோர், வெயிலைப் பற்றிச் சொல்லும் இடத்தையாவது விடாமல் படித்துவிடுங்கள்.

நான் ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு ஜிம்மில் கண்டிஷனிங் கோச். நட்சத்திர ஆட்டக்காரர்கள் என்னிடம் வருவதில்லை. டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், பெயர் வராமல், கேம்புக்கு மட்டும் அழைப்பு கிடைத்த பையன்கள் வருவார்கள். கேம்பின் 90 பேரில் ஒருவராக உள்ளே நுழைந்து, இறுதி அணியின் 53 பேரில் ஒருவராக நிற்க வேண்டியவர்கள். அதிலும் முன்வரிசையில் நின்று மோதும் லைன்மேன்கள்தான் அதிகம். 130, 140 கிலோ ஆட்கள். நட்சத்திர ஆட்டக்காரர் தேறவில்லை என்றால் பி.யூ.பி. லிஸ்டில், அதாவது ஆட உடல் தயாராக இல்லாதவர்கள் பட்டியலில், போட்டுக் காத்திருப்பார்கள். இந்தப் பையன்களுக்கு அந்தச் சலுகை கிடைப்பது சந்தேகம்.

லீக் முழுவதற்கும் பொதுவான டெஸ்ட் எதுவும் கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு வழக்கம். சிலர் 110 யார்டு ஓட்டத்தைக் குறுகிய இடைவெளி விட்டுப் பத்து, பதினாறு தடவை ஓட வைப்பார்கள். சிலர் 'கேஸர்' வைப்பார்கள்: மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம், அதைக் குறுக்கே போய் வந்து, மறுபடி போய் வர வேண்டும். நான் எல்லாரையும் முதலில் பழக்குவது 300 யார்டு ஷட்டிலுக்கு. அதில் தேறுகிறவனுக்கு மற்றவை பெரிய கஷ்டமாக இருப்பதில்லை.

ஷட்டில் பிரபலமானது 2010-ல், அதுவும் ஒரு வம்பால். ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் என்ற டிஃபென்சிவ் டேக்கிள் (தடுப்பு அணியின் லைன்மேன்), அதற்கு முந்தைய ஆண்டு ஏழு வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வாஷிங்டன் அணிக்கு வந்தவர். புதிதாக வந்த கோச் மைக் ஷனஹனோடு ஒத்துப்போகவில்லை. ஆஃப்-சீசன் பயிற்சிகளுக்கு வராமல் இருந்துவிட்டார். கேம்புக்கு வந்ததும் ஷனஹன் இந்த டெஸ்டை நீட்டினார். 25 யார்டு தூரத்தில் இரண்டு கோடு. ஆறு தடவை போய் வர வேண்டும், மொத்தம் 300 யார்டு. முதல் ஓட்டம் 70 விநாடிக்குள். மூன்றரை நிமிடம் ஓய்வு. இரண்டாவது ஓட்டம் 73 விநாடிக்குள். ஜூலை 29-ல் தொடங்கிய கேம்பில், ஆகஸ்ட் 7-ல்தான் அவர் தேறினார். அதுவரை அணியோடு பயிற்சி கிடையாது. டிவியில் உட்கார்ந்து சிரித்தவர்கள் சிலர் தாங்களும் ஓடிப் பார்த்து முழி பிதுங்கினார்கள்.

முதலில் அளவு. கோடு போட்ட ஃபுட்பால் மைதானம் கிடைத்தால் கோல் லைனிலிருந்து 25 யார்டு கோடு வரை போதும். இல்லையென்றால் டேப் பிடித்து 22 மீட்டர் 86 சென்டிமீட்டர் அளந்துகொள்ளுங்கள். காலடியை எண்ணி அளக்காதீர்கள். ஒரு யார்டு பிசகினால் பன்னிரண்டு யார்டு பிசகும். நேரம் பார்க்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு தடவை போய் வந்ததும் அவர் நேரத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். தரை புல்லாக இருந்தால் நல்லது. வெயிலில் காய்ந்த செயற்கைப் புல் ஷூவின் அடிப்பாகத்தையே சூடாக்கிவிடும்.

இப்போது கணக்கு. 70 விநாடியை ஆறால் வகுத்தால், ஒரு தடவை போய் வர 11.6 விநாடி சொச்சம். நான் பையன்களுக்குச் சொல்வது 11.5. ஆறு தடவையும் அதே வேகம் என்றால் 69-ல் முடியும். புதிதாக வருகிறவன் முதல் தடவையை 9.5-ல் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். நான்காவதில் சிரிப்பு போய்விடும். தொடை கல்லாகிவிடும், ஐந்தாவது தடவை 13-க்கு மேல் போகும். அப்படி ஓடியும் 68-ல் முடித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஓட்டத்துக்குக் காலில் எதுவும் மிச்சமிருக்காது. முதல் ஓட்டத்தில் 64 எடுத்தால் யாரும் பரிசு தரப்போவதில்லை.

பாதிப் பேர் கோட்டைவிடுவது நேர் ஓட்டத்தில் இல்லை, திரும்பும் இடத்தில். 300 யார்டில் பதினோரு திருப்பம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அரை விநாடி வீணானால் ஐந்தரை விநாடி போச்சு. 140 கிலோ உடம்பை நிறுத்தித் திருப்பி மறுபடி கிளப்புவது சாதாரண வேலை இல்லை. கோட்டுக்கு மூன்று எட்டு இருக்கும்போதே இடுப்பைத் தாழ்த்த வேண்டும், எட்டைச் சின்னதாக்க வேண்டும். நிமிர்ந்தபடி கோடுவரை வந்து கடைசி எட்டில் பிரேக் போடுகிறவனுக்கு முட்டிதான் அடிவாங்கும். கோட்டைத் தொடும் கால் கோட்டுக்கு இணையாகப் பக்கவாட்டில் பதிய வேண்டும், நேராக இல்லை. இன்னொரு விஷயம்: இரண்டு முனையிலும் ஒரே சைட்லைனைப் பார்த்துத் திரும்புங்கள். அந்தப் பக்கம் ஒரு மரம் இருக்கிறது என்றால், போகும்போதும் வரும்போதும் மரத்தைப் பார்த்தபடியே திரும்ப வேண்டும். அப்போது ஒரு முனையில் வலது கால் எடையை வாங்கும், அடுத்த முனையில் இடது கால். பழகாதவர்கள் பதினோரு திருப்பத்தையும் ஒரே காலில் போடுவார்கள். எட்டாவதில் அந்தக் கால் கைவிட்டுவிடும். திருப்பத்தை மட்டும் தனியாக, நடையை விடக் கொஞ்சம் வேகத்தில், தினம் பத்து நிமிடம் பழக்குவேன். பையன்களுக்கு இது சலிப்பு. இருந்தாலும் விடுவதில்லை.

தயாரிப்புக்கான நேரம் இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஜூன் நடுவில் மினிகேம்ப் என்ற குறுகிய பயிற்சி முகாம் முடிந்தால், ஜூலை கடைசி வரை ஏறக்குறைய ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் புல் தரையில் 110 யார்டு ஓட்டம், முக்கால் வேகத்தில், எட்டில் தொடங்கிப் பன்னிரண்டு வரை. பேசிக்கொண்டே நடந்து திரும்பும் அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம் 150 யார்டு ஷட்டில்: மூன்று தடவை போய் வருவது, 34 விநாடிக்குள், இரண்டு நிமிடம் ஓய்வு, நான்கிலிருந்து ஆறு முறை. ஐந்தாவது வாரம்தான் முழு 300-ஐத் தொடுவோம், அதுவும் ஒன்றே ஒன்று. கேம்புக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு முழு ஒத்திகை, இரண்டு ஓட்டமும். அதன்பின் கால் ஆறட்டும். தினமும் டெஸ்டையே ஓடிப் பார்த்துத் தேறலாம் என்று நினைப்பவர்கள் தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டு வருவார்கள்.

ஒரு ஆட்டத்தில் ஒரு பிளே, அதாவது பந்தை எடுத்து ஆடும் ஒரு முறை, ஐந்தாறு விநாடிதான் ஓடும், அடுத்ததற்கு 40 விநாடி கடிகாரம் இருக்கிறது. ஆகையால் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காமல் ஓடுவது ஃபுட்பாலே இல்லை என்று வாதாடுவார்கள். வாதம் சரிதான். ஆனால் கோச்சுக்கும் அது தெரியும். அவர் சோதிப்பது ஜூன் மாதம் நீ என்ன செய்தாய் என்பதை.

இனி வெயில். ஹூஸ்டன் ஜூலையில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். வியர்வை ஆவியாகாது, உடம்பு ஆறாது. மின்னசோட்டா வைக்கிங்ஸ் லைன்மேன் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 ஆகஸ்ட் 1-ல் வெப்பத்தாக்கில் இறந்தபோது அவருக்கு வயது 27. மேங்காட்டோ கேம்பில் பயிற்சிக்குப் பிறகு சரிந்து விழுந்தவர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு ஆய்வு நிலையமே இருக்கிறது. மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் மெக்நேர் 2018 மே 29-ல் இதே 110 யார்டு ஓட்டங்களில்தான் தள்ளாடினார். அவரைப் பனிநீரில் இறக்கவில்லை. ஜூன் 13-ல் இறந்தார், வயது 19.

அதனால் என் மைதானத்து ஓரத்தில் முதலில் வந்து இறங்குவது தொட்டி. மாடுகளுக்குத் தண்ணி காட்டுவதற்கு டெக்சாஸ் பண்ணைக் கடைகளில் விற்கும் பெரிய ரப்பர் தொட்டி. பாதித் தண்ணீர், பக்கத்தில் மூட்டை மூட்டையாக ஐஸ். ஓடுகிறவன் பேச்சு குழறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், இடம் வலம் தெரியாமல் நடந்தால், தொட்டுப் பார்த்து "வியர்க்கிறதே, ஒன்றுமில்லை" என்று விடாதீர்கள். வெப்பத்தாக்கிலும் வியர்க்கும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை காத்திருக்காமல் கழுத்துவரை பனிநீரில் இறக்குங்கள், தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றிக்கொண்டு போவது. அரை மணிக்குள் சூடு இறங்கியாக வேண்டும்.

அரிவாள் செல் மரபுக்கூறு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையக் காரணமான பரம்பரைக் கூறு) உள்ளவர்களுக்கு வேறு ஆபத்து. தசை இறுகிப் பிடிக்காது, வலுவே இல்லாமல் கால் துவண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சோம்பேறித்தனம் என்று கோச் திட்டிக்கொண்டிருப்பார். ரைஸ் பல்கலைக்கழக ஆட்டக்காரர் டேல் லாய்ட் 2006-ல் இறந்த பிறகு, 2010-ல் டிவிஷன் 1 என்ற கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவில் உள்ள கல்லூரிகளில் இதற்கான ரத்தப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. இது கறுப்பின மக்களுக்கு மட்டும் உரியது என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பது 1952-லேயே பதிவாகிவிட்டது. பையனை டீமில் சேர்க்கும்முன் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.

டெஸ்ட் அன்றைக்குப் புதிதாக எதையும் செய்யாதீர்கள். புது ஷூ வேண்டாம், நண்பன் கொடுத்த எனர்ஜி பவுடர் வேண்டவே வேண்டாம். முந்தைய நாள் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் படுக்காதீர்கள். கையை முட்டியில் ஊன்றிக் குனிந்தால் பழைய காலக் கோச்சுகளுக்குப் பிடிக்காது, பலவீனம் தெரிகிறதாம். தாராளமாகக் குனியுங்கள், மூச்சு சீக்கிரம் திரும்பும். பிறகு மெதுவாக நடை, இரண்டு வாய் தண்ணீர். கடைசி முக்கால் நிமிடத்தில் பத்துப் பத்து யார்டு லேசாக ஓடிக் காலை எழுப்புங்கள். இரண்டாவது ஓட்டத்தில் ஒரு தடவை போய் வர 12 விநாடி எடுத்துக்கொள்ளலாம்.

தேறவில்லை என்றால்? பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் கேசி ஹாம்ப்டன் 2008-ல் லாட்ரோப் கேம்பில் ஓட்டத்தில் தேறாமல் பி.யூ.பி. லிஸ்டில் உட்கார்ந்தார். அந்த சீசனில் சூப்பர் பவுல் என்ற லீக் இறுதிப் போட்டியை ஜெயித்த அணியின் நோஸ் டேக்கிள் (தடுப்பு முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) அவரேதான். மறுநாள் காலையிலேயே மறுபடி ஓடுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லாதீர்கள். கேட்டால் ஒரு நாள் இடைவெளி கிடைக்கும், கேளுங்கள். அந்த நாளில் ஓட வேண்டாம். திருப்பத்தை மட்டும் நடைவேகத்தில் பழகுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், எந்தத் தடவையில் நேரம் நழுவியது என்று நேரம் பார்த்தவரிடம் எண்களை வாங்கிப் பாருங்கள்.