பேஸ் கிற்றாரில் முதல் ஃபில்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் திருவிழா மேடை இசைக்குழுக்களில் பேஸ் கிற்றார் பழகத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு குறிப்பு. ஃபில் என்பது ஒரு கோர்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அடுத்த கோர்டுக்கு நடந்து போகும் வழி. வேகம் பிறகு வரட்டும்.

ஜி-யிலிருந்து சி-க்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஈ கம்பியில் 3ஆம் பிரெட் (கழுத்தில் இருக்கும் உலோகக் கோடு) ஜி. முதல் இரண்டு தட்டுக்கும் அதையே வாசியுங்கள். மூன்றாம் தட்டுக்கு அதே கம்பியில் 5ஆம் பிரெட், நான்காம் தட்டுக்கு ஏ கம்பியில் 2ஆம் பிரெட். அடுத்த சுற்றின் முதல் தட்டில் ஏ கம்பி 3ஆம் பிரெட்டுக்கு வந்தால், சரி, அதுதான் சி. ட்ரம்மின் கிக்கோடு, அதாவது காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மோடு, அது சேர்ந்து விழவேண்டும். பிந்தினால் பாட்டே தளர்ந்துவிடும், ஃபில் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, முதலில் வாயால் பாடிப் பாருங்கள். அப்புறம் டி, ஈ ஸ்வரங்கள் இரண்டையும் சேர்க்கலாம். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ஜி, ஏ, பி, டி, ஈ ஐந்தும் மோகன ராகம். கோயில் நாதஸ்வரத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு அது சட்டென்று பிடிபடும்.

பாடகர் பாடும்போது கோர்டின் மூல ஸ்வரத்திலேயே (ஜி கோர்டுக்கு ஜி, சி கோர்டுக்கு சி) நில்லுங்கள். அவர் மூச்செடுக்கும் இடம் உங்களுடையது. எட்டுச் சுற்றுக்கு ஒரு ஃபில் தாராளம்.