குளோசபின்: ரத்தப் பரிசோதனையோடு முடிந்துவிடாத கவனம்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கிய நாளில் ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு வாரமும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைத் தேதி போட்டு அதில் எழுதி வைப்பேன். பதினொரு வாரம் ஒன்றுவிடாமல் எழுதினேன். பன்னிரண்டாவது வாரம் அவன் வயிறு உப்பி இறுகிப்போய், வாந்தி எடுத்தபடி அவசரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். "கடைசியாக எப்போது மலம் கழித்தார்?" என்று மருத்துவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவனிடமே கேட்டோம். ஆறு நாளாகிறது என்றான், யாரும் கேட்கவில்லையே என்பது போல. என் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். இன்றும் அதே மருந்தைத்தான் எடுத்துக்கொள்கிறான், நன்றாகவும் இருக்கிறான். ஆனால் அன்று எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மருந்தில் எல்லோரும் அஞ்சும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைக் காவல் காக்கும்போது மற்ற ஆபத்துகள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகின்றன.

அந்த முதல் அச்சத்துக்குக் காரணம் உண்டு. குளோசபின் ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைச் சிலருக்கு அடியோடு குறைத்துவிடும். 1975இல் பின்லாந்தில் இந்த மருந்து அறிமுகமான சில மாதங்களுக்குள் எட்டுப் பேர் அப்படி இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கி வைத்தன. வேறு மருந்துகளால் பலனடையாதவர்களிடம் நடத்தப்பட்டு 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு வாரத்தில் குளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் தேறியதாகவும், ஒப்பீட்டுக்குக் கொடுத்த பழைய மருந்தில் 4 சதவீதம் பேரே தேறியதாகவும் காட்டியது. மறு ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, கட்டாய ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் மனச்சிதைவு நோய் அடங்காதபோது இன்றுவரை இதற்கு நிகரான மருந்து இல்லை. தற்கொலை முயற்சிகளையும் இது குறைக்கிறது. இவ்வளவு நல்ல மருந்து என்பதால்தான் கவனக்குறைவால் அதை இழந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

எண்ணைப் பார்க்கிறோம், எந்த எண் என்று பார்ப்பதில்லை

நான் எழுதி வந்தது மொத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. பார்க்க வேண்டியது அதற்குள் இருக்கும் நியூட்ரோபில்களின் எண்ணிக்கை. மொத்தம் சரியாகத் தெரியும்போதே நியூட்ரோபில் இறங்கியிருக்கக்கூடும். அது ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. அதற்கு வெகுமுன்பே மருத்துவர் மருந்தை நிறுத்திவிடுவார். பெரும்பாலும் இது முதல் 18 வாரங்களுக்குள் நடக்கிறது. அதனால்தான் தொடக்கத்தில் வாரம் ஒரு முறையும், சில மாதங்களுக்குப் பின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், ஓராண்டு கடந்ததும் மாதம் ஒரு முறையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

பரிசோதனை முடிவைப் பதிவு செய்தால்தான் மருந்து என்றிருந்த கட்டாய ஏற்பாட்டை அமெரிக்கா 2025இல் விலக்கிக்கொண்டது. "இனிப் பரிசோதனையே வேண்டாமாம்" என்று இதைச் சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. விலகியது பதிவேடு; பரிசோதனை அப்படியே இருக்கிறது.

காய்ச்சலிலும் தொண்டை வலியிலும் நடக்கும் தவறு இன்னும் பெரிது. பாரசிட்டமால் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறோம். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லி ரத்தம் பரிசோதிக்க வேண்டும். அடுத்த பரிசோதனை தேதி நான்கு நாளில் வருகிறதே என்று காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சலோடு நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், இருந்த இடத்திலேயே இதயம் படபடப்பது ஆகியவை சேர்ந்தால் இதயத் தசையில் அழற்சி இருக்கலாம். அது அபூர்வம்தான். ஆனால் "பயத்தில் படபடக்கிறது" என்று மனநோயின் கணக்கில் எழுதப்பட்டு, காலம் கடந்துவிடுவது உண்டு.

யாரும் கேட்காத கேள்வி

மலச்சிக்கல் என்றால் நமக்குச் சிரிப்பும் கூச்சமும் கலந்த ஒரு சின்ன விஷயம். இந்த மருந்தில் அது சின்ன விஷயமே அல்ல. குளோசபின் குடலின் அசைவையே மந்தப்படுத்துகிறது. நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், குளோசபின் எடுத்தவர்களின் பெருங்குடலைக் கழிவு கடக்க ஏறக்குறைய 104 மணி நேரம் ஆனது. இதே வகையைச் சேர்ந்த மற்ற மனநோய் மருந்துகளை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். நான்கு நாளுக்கு மேல் உள்ளே தங்குகிறது என்றால் குடல் அடைத்துக்கொள்ளவும், வீங்கவும், கிழியவும்கூட இடம் உண்டு. இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

நோயாளி தானாகச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதுதான் இதில் முதல் தவறு. பலருக்கு வலியே அவ்வளவாகத் தெரிவதில்லை; தெரிந்தாலும் சொல்லத் தோன்றுவதில்லை. என் தம்பி ஆறு நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டான், தூங்கினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். நோயைப் பற்றி நான் கேட்டதெல்லாம் "குரல் கேட்கிறதா?" என்ற ஒன்றே ஒன்று.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மலம் கழித்தால் அதில் ஒரு கோடு. இரண்டு நாள் கட்டம் காலியாக இருந்தால் அவன் மருத்துவரைக் கூப்பிடுகிறேன். வயிறு உப்பல், வாந்தி, கடும் வயிற்று வலி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைதான். மருந்து தொடங்கும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுதித்தர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். கடையில் நாமே வாங்கும், தண்ணீரை உறிஞ்சி உப்பும் நார்ப்பொடிகள் இதற்கு ஏற்றவை அல்ல. அசையாத குடலில் அவை சுமையைத்தான் கூட்டும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் வாங்கும் சில மாத்திரைகளும் குடலை இன்னும் மந்தமாக்கும் என்பதால் எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இரண்டு நாள் விட்டுப்போனால்

ஒருவர் ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை எடுக்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் வீடு திரும்பியதும் முதல் வேலையாக வழக்கமான 300 மில்லிகிராமை அப்படியே விழுங்குகிறார். பொறுப்போடு செய்ததாகத்தான் தோன்றும். ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் உடல் இந்த மருந்தோடு பழகியிருந்ததை மறந்துவிடுகிறது. பழைய அளவை ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், இதயத் துடிப்பு குறைந்துபோகலாம், வலிப்பு வரலாம். மீண்டும் 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்கி மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் ஏற வேண்டும். முதன்முதலில் மருந்தைத் துளித்துளியாக ஏற்றியதற்கும் இதேதான் காரணம்.

ஒரு வேளை மட்டும் தவறினால் அடுத்த வேளையை அதன் நேரத்தில் எடுத்தால் போதும். தவறியதையும் சேர்த்து விழுங்க வேண்டாம். இரண்டு நாளைத் தாண்டினால் மாத்திரையைத் தொடும் முன் மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த விதியை எழுதி மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

உணவில் கலந்து தெரியாமல் கொடுப்பதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வேறு வழியில்லை என்ற தவிப்பில் குடும்பங்கள் அதைச் செய்வதை அறிவேன். அந்தத் தவிப்பை நானும் அனுபவித்திருக்கிறேன். குளோசபினில் மட்டும் வேண்டவே வேண்டாம். பாதித் தட்டோடு எழுந்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. தான் மருந்து எடுப்பதே தெரியாதவர் தலைசுற்றலையும் நெஞ்சு வலியையும் எதோடு சேர்த்துச் சொல்வார்? ரத்தம் கொடுக்க எப்படி வருவார்?

நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதும் இதே வரிசையில் வரும். சட்டென நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். வாந்தி, வியர்வை, தலைவலி, தூக்கமின்மையும் சேரும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் மருத்துவரோடு சேர்ந்து மெதுவாக இறக்க வேண்டும்.

சிகரெட்டை விட்டால் மருந்து கூடும்

இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. புகையிலை எரியும்போது வரும் சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் குளோசபினைச் சிதைக்கும் நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். அவர் ஒரு நாள் புகைப்பதை நிறுத்திவிட்டால் நொதி அடங்கி, அதே மாத்திரையில் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரு வாரத்துக்குள் பாதிக்கு மேலும் கூடிவிடலாம். உடல்நலமின்றி மருத்துவமனையில் சேர்ந்தவருக்குச் சிகரெட் கிடைப்பதில்லை. நான்கைந்து நாளில் எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறார், எச்சில் ஒழுகுகிறது, வலிப்பும் வரக்கூடும். வந்த நோய்தான் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிகோட்டின் பட்டையும் சூயிங்கமும் இந்த விஷயத்தில் உதவாது. நொதியை முடுக்குவது நிகோட்டின் அல்ல, புகை.

புகைப்பதை விடுவது நல்லது, விடத்தான் வேண்டும். தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விடுங்கள். அவர் அளவைக் குறைப்பார். மறுபடி தொடங்கிவிட்டால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் மருந்தின் அளவு இறங்கி நோய் தலைதூக்கும். காபி குடிப்பது திடீரென மிகக் கூடினாலும் குறைந்தாலும் சிறிய அளவில் இதுபோன்ற மாற்றம் நேரும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஃப்ளூவாக்சமைன் என்ற மனச்சோர்வு மருந்தும் குளோசபினின் அளவை ஏற்றிவிடும். கடும் தொற்றுக் காய்ச்சலும் தன்னளவிலேயே ஏற்றும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் இதோடு சேரக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

எடையும் சர்க்கரையும் ஏறுவதை முதல் மாதத்திலிருந்தே அளந்து வர வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலைசுற்றி விழுவது குறையும். இரவில் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் ஊறுவதைப் பலர் அவமானமாக நினைத்து மறைக்கிறார்கள். தம்பி தன் தலையணை உறையைத் தானே ஒளித்துத் துவைத்துக் காயப்போட்டதை இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டேன். அதற்கும் மருந்து இருக்கிறது. தூக்கத்தில் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியாவரை போகலாம் என்பதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பல் பிடுங்கப் போனாலும், கை உடைந்து போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும், எதிரே உட்காரும் மருத்துவர் மனநல மருத்துவர் அல்ல. அவருக்காகத் தம்பியின் பணப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது. குளோசபின் எடுக்கிறார், தினசரி அளவு இவ்வளவு, கடைசி நியூட்ரோபில் எண்ணிக்கை இது, தேதி இது, புகைப்பதில்லை, மனநல மருத்துவரின் தொலைபேசி எண் இது. அளவு மாறும் ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதியதை அவனே தன் கையால் எழுதி வைக்கிறான்.